குணத்துக்கு மார்க் போட முடியுமா? அரசு அதிகாரிகளோட ஏபிஏஆர் பத்தி

கேள்வி இதுதான்: "என் தம்பி சென்ட்ரல் கவர்மென்ட்ல குரூப் ஏ அதிகாரியா சேர்ந்து கொஞ்ச வருஷம் ஆகுது. இந்த தடவை வந்த ஏபிஏஆர்ல, அதாவது வருஷாவருஷம் மேலதிகாரி எழுதுற வேலைத்திறன் மதிப்பீட்டு ரிப்போர்ட்ல, வேலைக்கு நல்ல மார்க் போட்டுட்டு பெர்சனல் ஆட்ரிபியூட்ஸ்ல குறைச்சுட்டாங்க. ஒரு மனுஷனோட குணத்துக்கு எப்படிங்க பத்துக்கு இவ்வளவுன்னு போடுவாங்க? அதை வச்சுத்தான் ப்ரமோஷன்னு வேற சொல்றாங்க, இது நியாயமா?"

நான் ரொம்ப காலம் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்ஷன்ல இருந்தவன், இந்த ரிப்போர்ட்டுங்களை வாங்கி, சரிபார்த்து, மேல அனுப்பி, திரும்பி வர்றதை ஃபைல் பண்றதுதான் வேலையே. அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். சுருக்கமா சொல்லணும்னா, குணத்தை மதிப்பிடலாம், மதிப்பிட்டே ஆகணும், ஆனா மார்க்கால முடியாது. அவர் என்ன செஞ்சார்னு எழுதினாத்தான் முடியும். அதுக்குன்னு அந்த ஃபாரத்துலயே ஒரு இடம் இருக்கு, அதைத்தான் யாரும் ஒழுங்கா நிரப்புறதில்ல.

முதல்ல ஃபாரத்தை பாத்துடுவோம், ஏன்னா நிறைய பேர் இதை முழுசா படிச்சதே இல்ல. 2009 ஜூலைல டிஓபிடி, அதாவது மத்திய அரசோட பணியாளர் துறை, கொண்டுவந்த முறைப்படி ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் மார்க். மூணு பகுதி. வேலை எவ்வளவு நடந்துச்சு, எவ்வளவு தரமா நடந்துச்சுங்கிறதுக்கு 40 சதவீத வெயிட்டேஜ். பெர்சனல் ஆட்ரிபியூட்ஸ், அதாவது தனிப்பட்ட குணங்களுக்கு 30. ஃபங்ஷனல் காம்பிடன்சி, அதாவது விதிமுறை தெரியுமா, முடிவு எடுக்கத் தெரியுமா, ஒருங்கிணைக்கத் தெரியுமா, கீழ இருக்கிறவங்களை வளர்க்கத் தெரியுமா இதுக்கெல்லாம் 30. குணங்கள்னு என்னென்ன வருதுன்னா வேலை மேல இருக்கிற மனப்பான்மை, பொறுப்புணர்வு, ஒழுங்கு, பேச்சு எழுத்துத் திறமை, தலைமைப் பண்பு, கூட்டா வேலை செய்றது, நேரத்துக்கு முடிக்கிறது, மத்தவங்களோட பழகுறது, கடைசியா "ஓவரால் பேரிங் அண்ட் பெர்சனாலிட்டி". இந்த கடைசி ஒண்ணை என்னன்னு அளக்குறதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்ல. நடை உடை பாவனையா, தோரணையா, மேலதிகாரிக்கு புடிச்ச மாதிரி நிக்கிறதா? எது வேணா அதுக்குள்ள அடங்கும்.

8ல இருந்து 10 வரைக்கும் அவுட்ஸ்டாண்டிங். 6ல இருந்து 8க்கு கீழ வரைக்கும் வெரி குட். 4ல இருந்து 6க்கு கீழ வரைக்கும் குட். 4க்கு கீழ போனா ப்ரமோஷன் கணக்குக்கு அந்த ரிப்போர்ட்டோட ஸ்கோர் பூஜ்யம்.

இப்ப ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. வேலைக்கு 8, குணத்துக்கு 6, ஃபங்ஷனல் காம்பிடன்சிக்கு 7. வெயிட்டேஜ் போட்டா 3.2, 1.8, 2.1, மொத்தம் 7.1, வெரி குட். அதே ஆளு, அதே வேலை, குணத்துக்கு மட்டும் 6க்கு பதிலா 9 போட்டா 1.8 இருந்த இடத்துல 2.7 வரும், மொத்தம் சரியா 8.0, அவுட்ஸ்டாண்டிங். வேலைல ஒரு துளி மாற்றம் இல்ல, மேலதிகாரி மனசுல மூணு மார்க் வித்தியாசம், அவ்வளவுதான். உங்க தம்பிக்கு நடந்தது இதுவாத்தான் இருக்கும். அதனால "குணத்துக்கு வெறும் 30 தானே"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, மத்த 70ல பெரும்பாலும் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மார்க்தான் போடுறாங்க, ஆளுக்கு ஆள் மாறுறது இந்த 30லதான்.

இது இப்படி ஆனதுக்கு ஒரு வரலாறு இருக்கு. முன்னாடி இதுக்கு பேரு ஏசிஆர், அதாவது ரகசியக் குறிப்பு. பேருலயே ரகசியம் இருந்துச்சு. பாதகமா ஏதாவது எழுதினா மட்டும்தான் சம்பந்தப்பட்டவருக்கு சொல்லுவாங்க, மத்தபடி என்ன எழுதியிருக்குன்னு அவருக்கே தெரியாது. இதுல ஒரு பெரிய ஓட்டை இருந்துச்சு. தேவ் தத்னு ஒருத்தர், எல்லைப் பகுதில ரோடு போடுற பார்டர் ரோட்ஸ்ல எக்ஸிகியூடிவ் இன்ஜினியர். சூப்பிரண்டிங் இன்ஜினியர் ப்ரமோஷனுக்கு கடைசி அஞ்சு வருஷமும் வெரி குட் வேணும்னு வச்சிருந்தாங்க. அவருக்கு நாலு வருஷம் இருந்துச்சு, 1993-94க்கு மட்டும் "குட்". குட்ங்கிறது பாதகமான குறிப்பு கிடையாதுல்ல, அதனால அவருக்கு சொல்லவே இல்ல. ப்ரமோஷன் மட்டும் போயிடுச்சு. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2008 மே மாசம் தீர்ப்பு வந்துச்சு: பேருக்கு குட்னு இருந்தாலும் ஒருத்தரோட ப்ரமோஷனை தடுக்குதுன்னா அது பாதகமான குறிப்புதான், நல்லதோ கெட்டதோ ஒவ்வொரு குறிப்பையும் சம்பந்தப்பட்டவருக்கு சொல்லியே ஆகணும், அவருக்கு மறுப்பு சொல்ல வாய்ப்பு குடுக்கணும். தீர்ப்பு வர்றதுக்குள்ள அவர் ரிட்டையரே ஆயிட்டார். அடுத்த வருஷம் 2009 மே 14ல டிஓபிடி ஆர்டர் போட்டு ஏசிஆரை ஏபிஏஆர்னு மாத்துனாங்க, முழு ரிப்போர்ட்டையும் காட்டணும், 15 நாளுக்குள்ள மறுப்பு குடுக்கலாம்னு வந்துச்சு. 2013ல சுக்தேவ் சிங் கேஸ்ல மூணு நீதிபதிகள் பெஞ்ச் இதையே உறுதி பண்ணிடுச்சு.

இது மிக நல்ல தீர்ப்பு, நான் இன்னைக்கும் அதை மதிக்கிறேன். ஆனா இதுக்கப்புறம் ஆபீஸ்ல நடந்த மாற்றத்தையும் சொல்லணும். ரிப்போர்ட் எழுதுற அதிகாரிக்கு இப்ப தெரியும், நாம என்ன போட்டாலும் நாளைக்கு அவன் கையில இருக்கும், மறுப்பு எழுதுவான், ட்ரிப்யூனல் போவான், நான் விளக்கம் சொல்லணும். தினமும் முகம் பாத்து வேலை வாங்க வேண்டிய ஆளு வேற. அதனால எல்லாருக்கும் மார்க் ஏற ஆரம்பிச்சுது. விதிமுறைல தெளிவா இருக்கு, 9, 10 எல்லாம் அபூர்வமா இருக்கணும், போட்டா இன்ன சாதனைன்னு எழுதணும், அதே மாதிரி 1, 2 போட்டாலும் இன்ன தவறுன்னு எழுதணும்னு. நடைமுறைல 8 வாங்கினவர் வருத்தப்பட்டு செக்ஷனுக்கு வந்து நிக்கிறதை நான் பாத்திருக்கேன். எல்லாரும் அவுட்ஸ்டாண்டிங்னா அந்த சொல்லுக்கு எந்த அர்த்தமும் இல்ல, உண்மையிலேயே பிரமாதமா வேலை செஞ்சவரும் காலத்தை ஓட்டினவரும் பேப்பர்ல ஒண்ணாயிடுறாங்க. இது நம்ம ஊர் நோய்னு நினைக்க வேண்டாம். அமெரிக்காவுல அவங்க தணிக்கை அலுவலகமான ஜிஏஓ 2013ம் வருஷத்தை எடுத்துப் பாத்தப்ப, மத்திய அரசு நிரந்தர ஊழியர்கள்ல கிட்டத்தட்ட 99 சதவீதம் பேர் "முழுத் திருப்தி"ங்கிற ரேட்டிங்கோ அதுக்கு மேலயோ வாங்கியிருந்தாங்க.

சரி, மேலதிகாரி பயமே இல்லாம நேர்மையா மார்க் போட்டா சரியாயிடுமா? அப்பவும் ஆகாது. 1920லயே எட்வர்ட் தார்ன்டைக்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் ராணுவ அதிகாரிகளுக்கு அவங்க மேலதிகாரிங்க போட்ட மார்க்கை எடுத்துப் பாத்தார். உடல்வாகு, அறிவு, தலைமை, நடத்தைன்னு தனித்தனியா போடச் சொல்லியிருந்தாங்க. பாத்தா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வருது, நல்ல உடல்வாகுன்னு போட்டவருக்கு அறிவுலயும் நடத்தையிலயும் கூடவே மார்க் ஏறுது. மொத்தமா ஆளைப் புடிச்சிருந்தா எல்லா கட்டத்துலயும் மார்க் ஏறும், புடிக்கலன்னா எல்லாத்துலயும் இறங்கும். ஹேலோ எஃபெக்ட்னு அவர் வச்ச பேரு இன்னைக்கும் நிக்குது. அதுக்கப்புறம் 2000ல ஆயிரக்கணக்கான மேனேஜர்களோட ரேட்டிங்கை வச்சு வந்த ஒரு ஆய்வுல, மார்க்ல இருக்கிற ஏற்ற இறக்கத்துல பாதிக்கு மேல, போடுறவரோட சொந்த கணிப்பு முறையில இருந்து வருதுன்னு தெரிஞ்சுது. அதாவது உங்க தம்பிக்கு வந்த 6, தம்பியைப் பத்தி சொல்றதை விட அவரோட பாஸைப் பத்தித்தான் அதிகமா சொல்லுது. நானே பாத்திருக்கேன், ஒருத்தரோட ஃபாரத்துல குணங்களுக்கான கட்டம் எல்லாத்துலயும் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே எண். ஒரு மனுஷன் நேரம் தவறாம இருக்கிறதும் கூட்டா வேலை செய்றதும் எப்படிங்க ஒரே அளவுல இருக்கும்? நேரத்துக்கு வர்றவர்ல எத்தனையோ பேர் யாரோடயும் ஒத்துப் போகாதவங்க.

அப்ப என்னதான் செய்றது? இங்கதான் அந்த ஃபாரத்துல இருக்கிற ஒரு இடத்தை சொல்லணும், பென் பிக்சர். சுமார் நூறு வார்த்தைல அந்த அதிகாரியைப் பத்தி எழுதணும். என்ன எழுதணும்னும் போட்டிருக்கு: பலம், பலம் குறைஞ்ச இடங்கள், அசாதாரண சாதனை, குறிப்பிடத்தக்க தவறுகள், அப்புறம் நலிந்த பிரிவினர் கிட்ட அவர் எப்படி நடந்துக்கறார்ங்கிறது. இந்த கடைசி வரியை யார் சேர்த்தாங்களோ தெரியல, ஒரு அரசு அதிகாரியைப் பத்தி கேக்க வேண்டிய கேள்விகள்ல முதல் கேள்வியே அதுதான்னு நான் நினைக்கிறேன். ஏன்னா மந்திரி கிட்டயும் செக்ரட்டரி கிட்டயும் எல்லாரும் நல்லாத்தான் பழகுவாங்க. பென்ஷன் வரலன்னு வந்து கதவுகிட்ட நிக்கிற வயசான அம்மா கிட்ட எப்படி பேசுறார்ங்கிறதுலதான் ஆளு தெரியும்.

ஆனா நடைமுறைல இந்த பென் பிக்சர் எப்படி எழுதப்படுதுன்னா, ரிப்போர்ட்டிங் ஆபீசர் ஜூன் 30க்குள்ள முடிச்சு அனுப்பணும், ஜூன் கடைசி வாரத்துல பத்து பன்னெண்டு பேரோடது குவிஞ்சு கிடக்கும், போன வருஷம் எழுதினதை எடுத்து பேரை மட்டும் மாத்துறது. "கடின உழைப்பாளி, நேர்மையானவர், இனிமையாகப் பழகுபவர், நலிந்த பிரிவினர் மீது அனுதாபம் கொண்டவர்." இந்த நாலு சொல்லை வச்சு நீங்க அந்த ஆளை ஒரு கூட்டத்துல கண்டுபுடிச்சுடுவீங்களா? முடியாது, யாருக்கு வேணா பொருந்தும்.

இப்ப இதை இப்படி எழுதினா எப்படி இருக்கும்னு பாருங்க, இது நான் உதாரணத்துக்கு எழுதுறது: "உதவித்தொகைப் பட்டியலில் தகுதியில்லாத பெயர்களைச் சேர்க்கச் சொல்லி அழுத்தம் வந்தபோது, ஒவ்வொரு பெயருக்கும் ஏன் தகுதியில்லை என்று குறிப்பு எழுதி ஃபைலில் வைத்தார், விடுபட்டுப்போன மாற்றுத்திறனாளி விண்ணப்பங்களைத் தானே தேடி எடுத்துச் சேர்த்தார். ஆனால் வேலையைக் கீழே பிரித்துக் கொடுக்கத் தயங்குகிறார், அதனால் மார்ச் மாதத்தில் இரண்டு அறிக்கைகள் தாமதமாயின." இதுல எங்கயாவது நேர்மைங்கிற சொல் இருக்கா? இல்ல. ஆனா நேர்மை, தைரியம், அக்கறை, அதோட ஒரு பலவீனம், எல்லாம் தெரியுது. பலவீனத்துக்கு விளைவும் தெரியுது. அடுத்து வர்ற டிபிசி, அதாவது ப்ரமோஷனை முடிவு பண்ற குழு, இதைப் படிச்சா இந்த ஆளு அடுத்த பதவிக்கு பொருத்தமானவரான்னு முடிவு பண்ண முடியும். சம்பவத்தை வச்சு மதிப்பிடுறதுங்கிறது புதுசும் இல்ல, ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அமெரிக்க விமானப்படைல செஞ்ச வேலைல இருந்து ஜான் ஃபிளனகன்னு ஒருத்தர் 1954ல இதை ஒரு முறையாவே எழுதி வச்சார். நல்ல பைலட்னு சொல்லாதே, அவன் எந்த நேரத்துல என்ன செஞ்சான்னு சொல்லு, அதுதான் சாராம்சம்.

எங்க ஆபீஸ்ல ஒரு அதிகாரி இருந்தாங்க, அவங்க டிராயர்ல ஒரு நோட்டு இருக்கும், தனக்கு கீழ இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு பக்கம் ஒதுக்கி, ஏதாவது குறிப்பிடும்படியா நடந்தா அன்னைக்கே தேதி போட்டு ஒரு வரி எழுதிடுவாங்க. நல்லதும் எழுதுவாங்க, கெட்டதும் எழுதுவாங்க, கெட்டதுன்னா அன்னைக்கே கூப்பிட்டு சொல்லியும் விடுவாங்க. ஜூன் மாசம் அவங்களுக்கு சிரமமே இருக்காது, அந்த ரெண்டு பக்கத்தைப் பாத்து எழுதினா போதும். அவங்க எழுதின ரிப்போர்ட்ல 7 வாங்கினவர் கூட மறுப்பு குடுத்து நான் பாத்ததில்ல. காரணம், அதுல இருந்த எதுவும் ரிப்போர்ட் வாங்கினவருக்கு புதுசு இல்ல. வருஷம் முழுக்க ஒண்ணும் சொல்லாம இருந்துட்டு ரிப்போர்ட்ல மட்டும் குத்துறதுதான் மனுஷனை உடைக்குது.

இன்டெக்ரிட்டி, அதாவது நேர்மைக்குன்னு ஃபாரத்துல தனியா ஒரு கட்டம் இருக்கு, அதைப் பத்தியும் சொல்லிடுறேன், இதுக்கு மார்க் கிடையாது, நல்லவேளை. மூணு விதமாத்தான் எழுத முடியும். நேர்மை சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதுன்னு எழுதலாம். சந்தேகம் இருந்தா தனி ரகசியக் குறிப்பு இணைச்சிருக்குன்னு எழுதணும், அந்த குறிப்பை வச்சு மேல விசாரிப்பாங்க. இல்ல, முடிவு சொல்ற அளவுக்கு இவர் வேலையை நான் பாக்கல, ஆனா பாதகமா எதுவும் என் கவனத்துக்கு வரலன்னு எழுதலாம். இந்த அமைப்பு யோசிச்சு செஞ்ச அமைப்புதான், வதந்தியை வச்சு ஒருத்தர் வாழ்க்கையை கெடுக்கக் கூடாதுங்கிற கவனம் இதுல இருக்கு. ஆனா நடக்குறது என்ன, ஊருக்கே தெரிஞ்ச ஆளுக்கும் முதல் வரியைத்தான் எழுதுறாங்க, ரகசியக் குறிப்பு எழுதினா ஆதாரம் கேப்பாங்கன்னு. பின்னாடி லஞ்ச ஒழிப்புல மாட்டினவங்களோட பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பாத்தா வருஷா வருஷம் "சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது". அப்படி எழுதினவரை யாராவது கூப்பிட்டு ஏன் எழுதினீங்கன்னு கேட்டிருக்காங்களா? நான் கேள்விப்பட்டதில்ல. அதைக் கேக்க ஆரம்பிச்சாலே பாதி மாறும்.

என்னைக் கேட்டா, ஒரு அதிகாரியோட குணமும் திறமையும் சேர்ந்து தெரியுற ஒரே இடம் அவர் போட்ட ஃபைல் நோட்டிங்தான், அதாவது ஃபைல்ல அவர் எழுதுற குறிப்பு. ஏபிஏஆரை விட அதைத்தான் நான் நம்புவேன். ஃபைல் வந்ததும் படிச்சு, இன்ன விதி, இன்ன முன்னுதாரணம், அதனால இப்படி செய்யலாம்னு ஒரு முடிவு சொல்லி கையெழுத்து போடுறவர் ஒரு வகை. எது வந்தாலும் "பேசவும்"னு ஓரத்துல எழுதி கீழ அனுப்புறவர் இன்னொரு வகை. ஒண்ணு ரெண்டு ஃபைல்ல பேசவும்னா சந்தேகம் கேக்குறார்னு அர்த்தம், எல்லா ஃபைல்லயும் பேசவும்னா முடிவு எடுத்த தடயம் தன் கையெழுத்துல இருக்கக் கூடாதுன்னு நினைக்கிறார்னு அர்த்தம். அப்புறம் தேவையே இல்லாம சட்டத்துறைக்கும் நிதித்துறைக்கும் கருத்து கேட்டு ஃபைலை சுத்த விடுறவங்க இருக்காங்க, அவங்களுக்கும் ஏபிஏஆர்ல டிசிஷன் மேக்கிங்குக்கு 9 இருக்கும்.

வாய்மொழி உத்தரவு விஷயத்தையும் இதோட சேர்த்துப் பாருங்க. முன்னாள் கேபினட் செக்ரட்டரி டி.எஸ்.ஆர். சுப்ரமணியனும் இன்னும் சிலரும் போட்ட கேஸ்ல 2013 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, வாய்மொழியா வர்ற உத்தரவை வச்சு அதிகாரிகள் செயல்படக் கூடாது, அதை எழுத்துல பதிவு பண்ணணும்னு. ஆல் இந்தியா சர்வீஸ் நடத்தை விதிகள்லயும் வாய்மொழி உத்தரவை எழுத்துல உறுதிப்படுத்தணும்னு ஏற்கனவே இருக்கு. மேல இருந்து ஒருத்தர் போன்ல சொன்னதை "இன்ன தேதி இன்ன நேரம் தாங்கள் தொலைபேசியில் தெரிவித்தபடி"ன்னு நோட்ல எழுதி கையெழுத்துக்கு திருப்பி அனுப்புற தைரியம் எத்தனை பேருக்கு இருக்கு? அந்த ஒரு வரிக்கு இருக்கிற எடை, பொறுப்புணர்வுக்கு போடுற எந்த மார்க்குக்கும் கிடையாது. சோகம் என்னன்னா, அப்படி எழுதுற ஆளுக்கு அந்த வருஷம் பெர்சனல் ஆட்ரிபியூட்ஸ்ல மார்க் குறையத்தான் அதிக வாய்ப்பு, ஏன்னா மார்க் போடப் போறவரும் அவரேதான்.

இதனாலதான் மேல இருந்து மட்டும் பாத்தா போதாது, கீழ இருக்கிறவங்க, கூட வேலை செய்றவங்க, வெளிய இருந்து வர்ற மக்கள் எல்லார் கிட்டயும் கேக்கணும்னு 360 டிகிரி முறை வந்துச்சு. மத்திய அரசுல ஜாயின்ட் செக்ரட்டரி, அதுக்கு மேல இருக்கிற பதவிகளுக்கு எம்பேனல் பண்றதுக்கு, அதாவது தகுதியானவங்க பட்டியல்ல சேர்க்குறதுக்கு, 2015 வாக்குல இருந்து இதை பயன்படுத்துறாங்க. யோசனை நல்லது, ஆனா செஞ்ச விதம் சரியில்ல. யார் கிட்ட கேட்டாங்க, என்ன சொன்னாங்க, எதுவும் அந்த அதிகாரிக்கு தெரியாது, பேர் விடுபட்டா ஏன்னும் தெரியாது. 2017ல நாடாளுமன்ற நிலைக்குழு இந்த முறை வெளிப்படையா இல்ல, அகவயமானதுன்னு கண்டிச்சுது. தேவ் தத் தீர்ப்பு எந்த இருட்டை விலக்குச்சோ அதே இருட்டு இன்னொரு வாசல் வழியா உள்ள வந்த மாதிரிதான் எனக்கும் பட்டுது. கண்டிப்பான ஒரு அதிகாரி மேல ஒரு கான்ட்ராக்டருக்கோ சோம்பேறி ஊழியருக்கோ கோபம் இருந்தா அவங்க சொல்றது எப்படி இருக்கும்? அதுக்காக கீழ இருக்கிறவங்களை கேக்கவே வேண்டாம்னு நான் சொல்லல. கேக்கணும். ஆனா "இவர் நேர்மையானவரா"ன்னு கேக்கக் கூடாது, "விடுப்பு கேட்டா எத்தனை நாள்ல முடிவு சொல்றார், தப்பு நடந்தா பழியை யார் மேல போடுறார், மனு குடுத்தவருக்கு ரசீது குடுத்தாரா"ன்னு நடந்ததைக் கேக்கணும். பேரை மறைச்சுட்டு கருத்தோட சாரத்தை அந்த அதிகாரிக்கே குடுக்கணும்.

வேலைக்கு எடுக்குறப்பவே குணத்தை பாத்துடலாமேன்னு சிலர் கேக்குறாங்க. யூபிஎஸ்சி மெயின்ஸ் 1750, இன்டர்வியூ 275, மொத்தம் 2025. 2013ல இருந்து எதிக்ஸுக்குன்னு 250 மார்க்ல ஒரு பேப்பரும் இருக்கு. அந்த பேப்பர் ஒரு பையன் நியாயமான பதில் எதுன்னு தெரிஞ்சு வச்சிருக்கானாங்கிறதை சொல்லும், பத்து வருஷம் கழிச்சு ஒரு ராத்திரி மந்திரி பிஏ போன் பண்றப்ப அவன் என்ன செய்வான்ங்கிறதை சொல்லாது. அரை மணி நேர இன்டர்வியூவும் அப்படித்தான். நுழைவுத் தேர்வு மேல இதுக்கு மேல பாரம் ஏத்தக் கூடாது, அதனாலதான் வருஷாவருஷம் எழுதுற ரிப்போர்ட் இவ்வளவு முக்கியம்.

எவ்வளவு முக்கியம்னா, ப்ரமோஷன் மட்டும் இல்ல. ஏழாவது சம்பளக் கமிஷனுக்கு அப்புறம் எம்ஏசிபி, அதாவது ப்ரமோஷன் கிடைக்காதவங்களுக்கு குறிப்பிட்ட வருஷத்துக்கு ஒரு தடவை குடுக்குற சம்பள உயர்வு, கிடைக்கவே வெரி குட் வேணும்னு 2016ல ஆக்கிட்டாங்க, முன்னாடி மேல்மட்ட சம்பளத்துல இருந்தவங்களைத் தவிர மத்தவங்களுக்கு குட் போதும். எஃப்ஆர் 56 ஜேன்னு ஒரு பணி விதி இருக்கு, அதன்படி 50 வயசுலயோ 55 வயசுலயோ சர்வீஸை மறுஆய்வு பண்ணி பொதுநலன் கருதி வீட்டுக்கு அனுப்பலாம், அப்பவும் இந்த ரிப்போர்ட்டுங்களைத்தான் எடுத்து வைப்பாங்க. இருபது வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஜூன் கடைசில அவசரமா எழுதின வரி அன்னைக்கு மேஜைல வந்து உக்காந்துக்கும்.

இனி தம்பி என்ன செய்யணும். முதல்ல தேதி. ரிப்போர்ட் கையில கிடைச்ச நாள்ல இருந்து 15 நாளுக்குள்ள மறுப்பு குடுக்கணும், குடுத்தா 30 நாளுக்குள்ள முடிவு சொல்லணும்னு விதி. 15 நாளை விட்டுட்டா அப்புறம் யாரும் காது குடுத்து கேக்க மாட்டாங்க. மறுப்புல பாஸைத் திட்டவோ "நான் நேர்மையானவன், கடினமா உழைக்கிறவன்"னு எழுதவோ கூடாது, அது எடுபடாது. எந்தெந்த குணத்துல எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பாத்து அதுக்கு எதிரா நடந்ததை வைக்கணும். நேரம் தவறாமைக்கு குறைச்சிருந்தா, இன்ன அறிக்கை கெடு தேதி இது, நான் அனுப்பின தேதி இது, ஃபைல் நம்பர் இது. பழகுற விதத்துக்கு குறைச்சிருந்தா, வருஷத்துல ஒரு தடவையாவது எனக்கு வாய்மொழியாவோ எழுத்துலயோ சுட்டிக்காட்டினாங்களான்னு கேக்கலாம். மார்க்குக்கும் பென் பிக்சருக்கும் முரண்பாடு இருந்தா அதை முதல்ல எழுதணும், பென் பிக்சர்ல "குழுவோடு இணைந்து சிறப்பாகச் செயல்படுபவர்"னு இருந்து மேல டீம் ஸ்பிரிட்டுக்கு 5 இருந்தா அந்த ஒரு முரண்பாடே பெரிய பாயிண்ட்.

ரிப்போர்ட் எழுதினவர் கீழ குறைஞ்சது மூணு மாசம் தம்பி வேலை செஞ்சிருக்கணும், அதையும் சரிபாக்கச் சொல்லுங்க. டிரான்ஸ்ஃபர் ஜாஸ்தி நடந்த வருஷத்துல ரெண்டு மாசம் மட்டும் பாத்தவர் ரிப்போர்ட் எழுதியிருந்தா அது செல்லாது, அந்த காலத்துக்கு நோ ரிப்போர்ட் சர்டிஃபிகேட்தான் வைக்கணும்.

அடுத்த வருஷத்துக்கு, ஏப்ரல் 15க்குள்ள குடுக்க வேண்டிய செல்ஃப் அப்ரைசலை கடைசி நாள்ல உக்காந்து எழுத வேண்டாம். நிறைய பேர் அதுல தங்களோட சீட் வேலை என்னன்னு மட்டும் எழுதிட்டு விட்டுடுறாங்க, "கடிதங்கள் கையாளுதல், கோப்புகள் பராமரித்தல்"னு. அது உங்க சீட்ல யார் உக்காந்தாலும் எழுதக் கூடியது. நிலுவைல இருந்த எத்தனை ஃபைலை எவ்வளவா குறைச்சார், எந்த விஷயத்துல யாரும் சொல்லாம தானே முன்வந்து செஞ்சார், எது முடியல, ஏன் முடியலன்னு எழுதணும். முடியாததையும் எழுதச் சொல்லுங்க, அதுக்குன்னு ஃபாரத்துல இடம் இருக்கு, ஆள் பற்றாக்குறையோ ஃபண்ட் வரலையோ அங்க பதிவாகலன்னா பின்னாடி அது இவரோட தவறா மாறிடும். வருஷ ஆரம்பத்துலயே பாஸ் கிட்ட போய் "சார், இந்த வருஷம் எங்கிட்ட என்னென்ன எதிர்பாக்குறீங்க"ன்னு கேட்டு அதை ஒரு மெயிலா அனுப்பி வச்சுக்கிறது நல்லது. கேக்குறது தப்பே இல்ல, நல்ல அதிகாரிங்க அதை விரும்பத்தான் செய்வாங்க. ஜனவரி 31க்குள்ள சொத்து விவர ரிட்டர்ன் குடுத்துட்டாரான்னும் ஒரு தடவை பாத்துக்கச் சொல்லுங்க, அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டின்னு விட்டுட்டு பின்னாடி விஜிலென்ஸ் கிளியரன்ஸ்ல, அதாவது இவர் மேல புகார், விசாரணை எதுவும் இல்லன்னு குடுக்குற சான்றுல, மாட்டிக்கிட்டவங்க உண்டு.

இதைப் படிக்கிறவங்கள்ல ரிப்போர்ட் எழுதுற இடத்துல இருக்கிறவங்களும் இருப்பீங்க, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இந்த வருஷம் யாருக்காவது 9 போடுறதா இருந்தாலும் சரி, 5 போடுறதா இருந்தாலும் சரி, மார்க் போடுறதுக்கு முன்னாடி பென் பிக்சரை எழுதுங்க. அவர் செஞ்ச ரெண்டு காரியமாவது தேதியோட ஞாபகம் வரலன்னா, நீங்க அவரை இன்னும் கவனிக்கவே இல்லன்னு அர்த்தம், அவர் போட்ட நாலு ஃபைலை வரவழைச்சுப் படிச்சுட்டு அப்புறம் எழுத உக்காருங்க.